டயாலிசிஸ், வயிற்றுப் பை, மாற்றுச் சிறுநீரகம்: எதில் தூக்கம் வரும், எதில் சோறு இறங்கும்?

கிட்னி இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஒரே கேள்விகள்தான். எவ்வளவு செலவாகும், எத்தனை வருஷம் தாங்கும், யார் கொடுப்பது. அண்ணனுக்கு வந்தபோது நாங்களும் அதைத்தான் கேட்டோம். ராத்திரி தூங்குவாரா, என்ன சாப்பிடலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை, இவ்வளவு பெரிய வியாதியில் அதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்துவிட்டோம். மூன்றரை வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன், அந்த இரண்டையும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நோயாளி தினமும் பட்டு அனுபவிப்பது அந்த இரண்டைத்தான்.

எங்கள் வீடு பாம்பனில். அண்ணன் விசைப்படகில் போகிறவர், அப்போது வயது 34. பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. கடலுக்குப் போய் வந்த உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது கரையில் நிறையப் பேருக்குப் பழக்கம், அவருக்கும் உண்டு. அந்த மாத்திரைகளில் பலவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எங்களுக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது. 2022 ஆடி மாதம் முகமும் காலும் வீங்கி, ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 11. அதிலிருந்து பதினான்கு மாதம் ரத்த டயாலிசிஸ் (மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது), அப்புறம் ஏழு மாதம் வயிற்று வழி டயாலிசிஸ், 2024 மே மாதம் அம்மாவின் சிறுநீரகம். மூன்று வழியிலும் ஒரே ஆள் போய்வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே சொல்லும் அளவெல்லாம் ஒரு பிடிமானத்துக்குத்தான், உங்கள் வீட்டு ஆளுக்கு எவ்வளவு என்பதை ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவு பண்ணிவிடுகிறேன். நம் பக்கம் கிரியாட்டினினையும் யூரியாவையும் "உப்பு" என்கிறோம். "உப்பு எட்டு இருக்கு", "உப்பு இறங்கிடுச்சு" என்று பேசிக்கொள்கிறோம். அதனால் சாப்பாட்டு உப்பை நிறுத்தினால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்று நம்பி, அண்ணனுக்கு ஒரு மாதம் உப்பே இல்லாமல், மீன் முட்டை எதுவும் இல்லாமல் வெறும் கஞ்சி கொடுத்தோம். ஆள் பாதியாகிப் போனார். அந்த உப்பு வேறு, இந்த உப்பு வேறு. சாப்பாட்டு உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உண்மைதான், அது பிரஷருக்கும் நீர் கோப்பதற்கும். புரதத்தைக் குறைப்பது டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்திய கட்டத்தில், அதுவும் அளந்து. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் நேர்மாறாகக் கூட்ட வேண்டும். இந்தத் திருப்பம் தெரியாமல் டயாலிசிஸ் ஆளைப் பட்டினி போடுகிற வீடுகளை நான் இன்றும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

சரி, ரத்த டயாலிசிஸ்.

அந்த ராத்திரிகளை நான் மறக்க மாட்டேன். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அண்ணன் படுத்திருக்க மாட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்புக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்திருப்பார். படுத்தால் மூச்சு முட்டும். இடது கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருப்பதால் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. கையில் ஒரு மரச்சீப்பு வைத்திருப்பார், முதுகு அரித்தால் அதை வைத்துத்தான் சொறிவார், காலையில் பார்த்தால் முதுகெல்லாம் சீப்புப் பல் பட்ட கோடு. கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. "எலும்புக்குள்ள எறும்பு ஊருது தங்கச்சி" என்பார். மதினி உட்கார்ந்து அமுக்கிவிடுவார், அமுக்குகிற வரைக்கும் சரியாக இருக்கும், கையை எடுத்தால் மறுபடி குடைச்சல். எழுந்து வாசலில் நடந்தால் நிற்கும், வந்து படுத்தால் திரும்ப வரும்.

நாங்கள் இதையெல்லாம் வியாதியின் கஷ்டம் என்று சகித்துக்கொண்டோம், ஐந்தாறு மாதம் டாக்டரிடம் சொல்லவே இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பெரும்பகுதியினருக்குத் தூக்கம் கெட்டுத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, பல காரணங்களுக்கு மருந்தும் உண்டு. கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கிய காரணம், அண்ணனுக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றிய பிறகு பாதி குறைந்தது. அரிப்புக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடியிருப்பதும், கழிவு சரியாக வெளியேறாததும், தோல் வறட்சியும் காரணமாக இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுவது நீர் கோத்ததால். இந்த மூன்றாவதில்தான் சமையல்கட்டும் படுக்கையும் ஒன்றாகிப் போகின்றன: மத்தியானம் ஒரு துண்டு கருவாடு, அந்த உப்புக்குச் சாயங்காலம் தாகம், தாகத்துக்கு இரண்டு சொம்பு தண்ணீர், சிறுநீர் போகாத உடம்பில் அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும், ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார வேண்டியதுதான். அண்ணன் ராத்திரி உட்கார்ந்திருந்தால் மதினி மறுநாள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து எங்க போய் என்ன சாப்பிட்டீங்க?"

பயணமும் தூக்கத்தைத் தின்றது. ராமநாதபுரத்தில் எங்களுக்குக் கிடைத்தது காலை முதல் ஷிப்ட். மூன்றரை மணிக்கு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும், போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவுக்கு ரயில் வராத காலம் அது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை எல்லாமே சாலை வழிதான். மெஷினில் நான்கு மணி நேரம், அந்த நேரத்தில் அசந்து தூங்கிவிடுவார், அதனாலேயே ராத்திரி கண் கொட்டாது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு கடலுக்குப் போகும் ஊரில் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் போய் மெஷினில் படுத்தவர் அவர். கெஞ்சிக் கூத்தாடி மத்தியான ஷிப்டுக்கு மாற்றிய பிறகு, விடியற்காலையில் வருகிற அந்த நல்ல தூக்கம் இரண்டு மணி நேரமாவது மிஞ்சியது. மருந்து மாத்திரை எதுவும் மாற்றாமல் கிடைத்த பலன் இது, முடிந்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் ரத்த டயாலிசிஸ்தான் மூன்றிலும் கடுமையானது, அதுவும் நம் கரைச் சாப்பாட்டுக்கு. தண்ணீர்க் கணக்கு, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்வது. அண்ணனுக்கு ஆறு மாதத்தில் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது, ஆக ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டரும் கொஞ்சமும். இதில் டீ, ரசம், கஞ்சி, மோர், குழம்பின் நீர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்தி. மதினி ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துவிடுவார், அண்ணன் ஒரு கிளாஸ் டீ குடித்தால் அதே கிளாஸ் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொட்டிவிடுவார். மீதி எவ்வளவு என்று கண்ணுக்கு முன்னால் தெரியும், சண்டைக்கு இடமே இல்லை.

அப்புறம் பொட்டாசியம். இது நம் ஊரில் உயிர்க் கண்டம், ஏனென்றால் வெயிலுக்கு நல்லது என்று நாம் நீட்டுகிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் போகும், பலருக்கும் ஒரு நாள் முழுவதற்குமே 2000 மில்லிகிராம் சுற்றித்தான் அனுமதி. 2023 மே மாதம், டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையில், சொந்தக்காரர் ஒருவர் பாசத்தோடு இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ராத்திரி அண்ணனுக்குக் கால் துவண்டது, படியேற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் 6.8. இயல்பு 5-க்குள். இதயம் நின்றுபோகக்கூடிய அளவு அது, இருட்டோடு இருட்டாக அவசர டயாலிசிஸ் செய்துதான் மீட்டார்கள். இளநீர், பதநீர், வாழைப்பழம், முருங்கைக்கீரை, தக்காளி, புளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கருப்பட்டிக் காபி உடம்புக்குக் குளிர்ச்சி என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். கிழங்கையும் காயையும் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு இறங்கும். உப்புக்குப் பதிலாக விற்கிற "குறைந்த சோடியம்" உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், தொடவே கூடாது. இந்துப்பும் உப்புதான், அதில் தனி தயவு ஒன்றும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் புரதம் கூட வேண்டும், உடம்பு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். இங்கே நம் கரை கை கொடுக்கிறது: முள் நீக்கிய பச்சை மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். சீலா, பாறை, விளைமீன் இவற்றின் சதைத்துண்டு நல்லது. முள்ளோடு மெல்லுகிற நெத்திலி, பொடிச் சாளை வேண்டாம், எலும்போடு பாஸ்பரஸ் போகும். மீனை வறுக்கும்போது உப்பைப் பாதியாக்கி, நம் குண்டு மிளகாயும் பூண்டும் எலுமிச்சையும் கூட்டினால் நாக்கு ஏமாறும். எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்த உணவு அட்டையில் ஆப்பிள் இருந்தது, ஓட்ஸ் இருந்தது, பன்னீர் இருந்தது. மீன் என்று ஒரு வார்த்தை இல்லை, கருவாடு என்று ஒரு எச்சரிக்கை இல்லை. பாம்பன் கரையில் இருக்கிறவனுக்கு அந்த அட்டையை வைத்து என்ன செய்வது? அதனால் சொல்கிறேன், டயட்டீஷியனிடம் போகும்போது உங்கள் வீட்டில் ஒரு வாரம் என்ன சமைத்தீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். அதை வைத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

ரத்த டயாலிசிஸில் பதினான்கு மாதம் ஓடிய பிறகு, போக்குவரத்தே ஆளைத் தின்கிறது என்று பார்த்து டாக்டரே வயிற்று வழியைச் சொன்னார். தொப்புளுக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் வைத்துவிடுவார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் ஏற்றி, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து இறக்கி, புதிதாக ஏற்ற வேண்டும். வயிற்றின் உள்சவ்வே வடிகட்டியாக வேலை செய்யும். அண்ணனுக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொன்றும் அரை மணி முக்கால் மணி நேரம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், இது தெரியாமல் செலவுக்குப் பயந்து பலர் இந்த வழியைக் கேட்பதே இல்லை.

தூக்கத்தில் இது எங்களுக்கு முதல் விடுதலை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் வெளியேறுவதால் சுவரில் சாய்ந்து உட்காரும் ராத்திரிகள் நின்றன. விடியற்காலை பஸ் இல்லை. ஒன்பதரைக்குக் கடைசிப் பையை ஏற்றிவிட்டால் காலை ஆறு வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் வயிற்றில் இரண்டு லிட்டரோடு படுப்பது லேசு இல்லை. முதல் மாதம் நெஞ்செரிச்சல், முதுகு வலி, குழாய் இழுத்துவிடுமோ என்ற பயத்தில் அசையாமல் மல்லாந்து படுப்பது எல்லாம் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்த பிறகு நெஞ்செரிச்சல் குறைந்தது. கால் குடைச்சல் முழுதாகப் போகவில்லை. ராத்திரி முழுக்க மெஷினே ஏற்றி இறக்குகிற முறையும் உண்டு, பகல் பூராவும் விடுதலை, ஆனால் அதற்குத் தடையில்லாத கரண்ட் வேண்டும். புயல் காலத்தில் நம் தீவில் அதை நம்ப முடியாது என்று நாங்கள் வேண்டாம் என்றோம்.

சாப்பாடு இங்கே தலைகீழ். அதே அண்ணன், அதே வியாதி, ஆனால் பொட்டாசியம் இறங்கிவிட்டது, தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்! தண்ணீர்க் கட்டுப்பாடும் தளர்ந்தது. பதிலுக்கு வேறு இரண்டு தொல்லை. ஏற்றுகிற திரவத்தில் சர்க்கரை இருக்கிறது, அது உடம்புக்குள் சேரும், பசியைக் கெடுக்கும், எடையைக் கூட்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். அண்ணனுக்கு நாலு கிலோ ஏறியது, எல்லாம் வயிறு. இன்னொன்று, இறக்குகிற திரவத்தோடு தினமும் புரதம் வெளியே போய்விடும், அதனால் பசி இல்லாத வயிற்றுக்குள் இன்னும் அதிகப் புரதத்தைத் தள்ள வேண்டும். ஒரு வேளைக்கு முழுச் சாப்பாடு இறங்காது. திரவத்தை இறக்கிய உடனே, வயிறு காலியாக இருக்கும் அந்த நேரத்தில், இரண்டு முட்டை வெள்ளைக்கருவோ நாலு துண்டு மீனோ கொடுத்துவிட்டு அப்புறம் ஏற்றுவது எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது.

இதில் பெரிய பயம் சீழ். பை மாற்றும்போது கை சுத்தமில்லாவிட்டால் கிருமி நேராக வயிற்றுக்குள் போகும். கதவு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுத்தான் மாற்ற வேண்டும், பங்குனி சித்திரை வெக்கையில் அந்த அறைக்குள் மதினி வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்பார். இறக்கிய பையைச் செய்தித்தாள் மேல் வைத்து எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்போம், தெளிவாகத் தெரிந்தால் நல்லது, கலங்கலாக இருந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஒரு தடவை கலங்கியது. பத்து நாள் படுக்க வேண்டியதாயிற்று. மாதம் 120 பைகளை வெயிலும் எலியும் படாமல் வைக்க இடம் வேண்டும், குழாய் இருக்கும் வரை கடலில் இறங்கவும் கூடாது. குடிசையும் ஒற்றை அறையுமாக இருக்கிற வீட்டுக்கு இது கஷ்டம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாற்று அறுவை சிகிச்சைக்கு அம்மாதான் முதல் நாளிலிருந்தே நின்றார். நாங்கள்தான் தள்ளிப் போட்டோம், அது தப்பு. நம் நாட்டில் 1971-லேயே வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமாகச் செய்துவிட்ட சிகிச்சை இது, புதுசு ஒன்றும் இல்லை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவு என்கிறது. யாரும் பொருந்தாவிட்டால் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம், அது வருஷக்கணக்கில் ஆகலாம், அதனால் பதிவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ரத்த வகை ஒன்று, மற்ற பரிசோதனைகளும் ஒத்துவந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தேதி வாங்கினோம், அப்போதுதான் சித்தப்பா, மாமா எல்லோரும் கரையில் இருப்பார்கள், ஒரே நேரத்தில் இரண்டு பேர் படுத்தால் பார்க்க ஆள் வேண்டுமே.

மாற்று செய்த மறுநாளே நன்றாகத் தூங்குவார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் இரண்டு மாதம் தூக்கம் டயாலிசிஸ் காலத்தைவிட மோசம். வருஷக்கணக்கில் வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்த மூத்திரப்பை, அதில் புதுச் சிறுநீரகம் லிட்டர் லிட்டராக இறக்குகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்தார். ஸ்டீராய்டு மாத்திரை மூளையை முறுக்கிவிடும், அதைக் காலையில் சாப்பிட்டவுடன் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கப் போடுகிற டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்கியது. இதற்கு மேல், அம்மா கொடுத்தது கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலை. ஆனாலும் ஒரு ராத்திரி மதுரை லாட்ஜில் நான்காவது தடவையாக எழுந்து போய்விட்டு வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "ரெண்டு வருஷம் கழிச்சு இந்தத் தொந்தரவுகூட நல்லாத்தான் இருக்கு."

கால் குடைச்சல் இரண்டாவது வாரத்தில் நின்றது, சீப்பும் தேவைப்படவில்லை. நாலு மாதத்தில் மூத்திரப்பை விரிந்து, ராத்திரிக்கு ஒரு தடவை என்று ஆனது. அன்றாடத் தண்ணீரில் பெரும்பகுதியைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடிக்கச் சொன்னது உதவியது. குறட்டை மட்டும் போகவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை சிறுநீரகக்காரர்களுக்கு அதிகம், மாற்று செய்தாலும் சிலருக்குத் தொடரும், எடை கூடினால் கூடும். பக்கத்தில் படுப்பவர்தான் அதைக் கவனித்து டாக்டரிடம் சொல்ல முடியும். தூக்கம் வரவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது எந்தக் கட்டத்திலும் கூடாது.

சாப்பாட்டில் இங்கே மறுபடி தலைகீழ். அரை லிட்டரை அளந்து குடித்தவரிடம் மூன்று லிட்டர் குடி என்றார்கள், அவருக்குக் குடிக்கவே பயம், முதல் நாள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சிறுநீரகம் ஆரம்பத்தில் பாஸ்பரஸை அதிகமாக வெளியே தள்ளும், ரத்தத்தில் அது குறைந்துவிட்டது, அதனால் பாலும் மீனும் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே வராத நெத்திலியை மதினி குழம்பு வைத்த அன்றைக்கு எல்லோருக்கும் கண் கலங்கியது. காயம் ஆற முதல் மாதம் புரதம் இன்னும் கூடுதலாக வேண்டும், கிலோவுக்கு 1.3 கிராமுக்கும் மேல், அப்புறம் சாதாரண அளவுக்குக் குறைக்கலாம்.

பொட்டாசியம் மட்டும் உடனே விடுதலை தரவில்லை, டாக்ரோலிமஸ் அதைக் கூட்டக்கூடும், இளநீருக்கு அனுமதி கிடைக்க எட்டு மாதம் ஆனது. பெரிய மாற்றம் பசி. ஸ்டீராய்டு பசி ஒரு பேய்ப்பசி, ராத்திரி பதினொரு மணிக்குச் சோறு கேட்பார். இந்த மாத்திரைகளாலேயே புதிதாகச் சர்க்கரை வியாதி வருவது உண்டு, அதனால் தொதல் என்கிற இனிப்பு, பனங்கற்கண்டுப் பால் எல்லாம் வேண்டாம் என்று நிறுத்தி, வெள்ளரியும் வேகவைத்த பயறும் வைத்துச் சமாளித்தோம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்பதால் கிருமிக்குப் பயப்பட வேண்டும்: காய்ச்சாத தண்ணீர், கடைச் சட்னி, பாதி வெந்த நண்டு, கணவாய் எதுவும் ஆகாது. கடலுக்குப் போகிறவர்களின் காலைச் சாப்பாடான பழைய சோறும் நீராகாரமும் முதல் வருஷம் கூடாது என்றார்கள், அண்ணனுக்கு அதுதான் பெரிய வருத்தம். பம்ப்ளிமாஸ் பழம் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், லேகியமும் கஷாயமும் கேட்காமல் தரக் கூடாது. மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, காலை எட்டு, ராத்திரி எட்டு, தேர்த் திருவிழாவானாலும் எட்டுதான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் பொருந்துகிற ஆள் இருந்து, நோயாளியின் இதயமும் உடம்பும் தாங்கும் என்று டாக்டர் சொன்னால், மாற்றைத் தள்ளிப் போடாதீர்கள். டயாலிசிஸே தொடங்காமல் நேராக மாற்றுக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கள் இருபத்தொரு மாதத்தில் அண்ணனின் உடம்பும் மதினியின் உடம்பும் இழந்தது கொஞ்சம் இல்லை. கொடுக்க ஆள் இல்லை, ஊர் தீவிலோ சாயல்குடிப் பக்கமோ தொண்டிப் பக்கமோ தூரத்தில் இருக்கிறது, ஆனால் வீட்டில் சுத்தமான ஒரு மூலையும் சலிக்காமல் கை கழுவுகிற ஒரு ஆளும் உண்டு என்றால் வயிற்று வழியை டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள், பல இடத்தில் கேட்டால்தான் சொல்கிறார்கள். சர்க்கரையும் தொந்தியும் ஏற்கெனவே அதிகம், அல்லது வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்திருக்கிறது என்றால் ரத்த டயாலிசிஸ்தான் பலருக்கும் சரி. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் இருந்து, மத்தியான ஷிப்டும் கிடைத்து, உப்பையும் தண்ணீரையும் கட்டினால் அதிலேயே நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். ரொம்ப வயதாகி வேறு பல வியாதிகளும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸே வேண்டாம், மூச்சு முட்டாமல் அரிப்பில்லாமல் பார்த்துக்கொள்ளும் மருந்துகள் மட்டும் போதும் என்று முடிவு எடுக்கலாம், அது கைவிடுவது ஆகாது.

எந்த டாக்டரிடம் போனாலும் இரண்டு கேள்வியை எழுதிக் கொண்டுபோங்கள்: இந்த வழியில் இவர் ராத்திரி எத்தனை மணி நேரம் படுத்துத் தூங்க முடியும், எங்கள் வீட்டுச் சமையலில் எதை எடுக்கணும், எதைச் சேர்க்கணும்.

அண்ணன் இப்போது படகில் போவதில்லை. ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறார், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலால் தோல் புற்று வரும் ஆபத்து கூடுதல் என்பதால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும். அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷரும் ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம், போன மாதம்கூடப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருக்கிறது. முட்டி வலிக்குக்கூட வலி மாத்திரை கேட்காமல், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார்.